அசையாமல் நிற்பவரையும் கட்டடம் காண வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்களின் அசைவுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும் ரயில் நிலையங்கள், பேருந்து முனையங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். கால் வைத்தால் ஒளிரும் தரை, கையசைத்தால் நிறம் மாறும் சுவர், கூட்டத்தைப் பார்த்து வழிகாட்டும் கூரை என்று கட்டுரையாளர் விவரித்த யாவும் சுவையாகவே இருந்தன. கட்டடங்களில் மின்விளக்கு அமைப்புகளை நிறுவும் பணியில் 30 ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். கடந்த 6 ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோயுள்ள என் மனைவியைக் கைப்பிடித்து இத்தகைய இடங்களின் வழியே அழைத்துச் சென்றுகொண்டிருப்பவனும்கூட. அந்த இரண்டு தகுதிகளையும் வைத்துக்கொண்டு, கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

கட்டுரையில் முதலிடம் பெற்றிருந்தது ஸ்டாக்ஹோமின் ஓடன்பிளான் மெட்ரோ நிலையத்தில் 2009-இல் அமைக்கப்பட்ட பியானோ படிக்கட்டு. ஒவ்வொரு படியும் ஒரு சுரம். ஏறுகிறவர் தம்மையறியாமல் இசைக்கிறார். பக்கத்தில் ஓடும் எஸ்கலேட்டரை விட்டுப் படியேறியவர்கள் வழக்கத்தைவிட 66 சதவீதம் கூடினார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. அது ஒரு கார் நிறுவனத்தின் விளம்பர முயற்சி என்பதையும், அந்தக் கணக்கு புதுமை மாறாத நாட்களில் எடுக்கப்பட்டது என்பதையும் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. புதிதாக வந்த எதையும் நாம் நாலு முறை தொட்டுப் பார்ப்போம். ஐந்தாவது மாதத்திலும் தொடுகிறோமா என்பதுதான் கட்டடத்துக்குரிய கேள்வி. அது விளம்பரத்துக்குரிய கேள்வியாக இல்லாததால் அங்கே யாரும் அதைக் கேட்கவில்லை போலும்.

அதைவிட எனக்கு நெருக்கமானது, பாஸ்டன் பெருநகரப் பகுதியில் எம்ஐடி பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள கெண்டால் நிலையத்தில் 1980-களின் பிற்பகுதியில் பால் மட்டீஸ் என்ற சிற்பி அமைத்த இசைக் கருவிகள். பித்தாகரஸ், கெப்ளர், கலிலியோ என்று அவற்றுக்குப் பெயர். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே அவை தொங்குகின்றன. நடைமேடைச் சுவரில் உள்ள கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டினால், பித்தாகரஸின் சுத்தியல்கள் மெல்ல மெல்ல வேகம் பெற்று உலோகக் குழாய்களைத் தட்டுகின்றன. ஊஞ்சலை உந்துவதுபோல் தாளம் அறிந்து ஆட்ட வேண்டும். ஒரே இழுப்பில் ஒன்றும் நடக்காது. இதில் மின்னணு உணரி எதுவும் இல்லை. ஆனாலும் மனித அசைவுக்கு ஒரு பொது இடம் தரும் பதில் எப்படி இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். ரயிலுக்குக் காத்திருக்கும் முன்பின் அறியாத இருவர், ஒருவர் தொடங்கியதை மற்றவர் தொடரலாம். நியூயார்க்கின் 34-ஆம் தெரு நிலையத்தில் 1990-களின் நடுவில் கிறிஸ்டோபர் ஜேனி அமைத்த பச்சைக் குழாயும் இவ்வகையே. நடைமேடையில் தலைக்கு மேலே தொங்கும் அதை நோக்கிக் கையை உயர்த்தினால் ஒளிக்கற்றை தடைபட்டு ஓர் ஒலி எழும். எதிர் நடைமேடையில் நிற்பவரும் தம் பங்குக்கு ஒலி எழுப்பலாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்தக் குழாய் எட்டாது என்ற குறையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இந்த இரண்டும் மக்கள் நிற்கும் இடத்தில் வைக்கப்பட்டவை. பியானோ படிக்கட்டு மக்கள் கடக்கும் இடத்தில் வைக்கப்பட்டது. இந்த வேறுபாட்டைக் கட்டடக் கலைஞர்கள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன். எதிரெதிரே வரும் இரு கூட்டங்கள் யாரும் சொல்லாமலே தனித்தனி வரிசைகளாகப் பிரிந்து ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும் என்பது கூட்ட இயக்கத்தை ஆராய்பவர்கள் நன்கறிந்த உண்மை. காலை நேரத்தில் எந்தப் பெரிய நிலையத்தின் சுரங்கப்பாதையிலும் ஓரமாக நின்று பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும். அந்த ஒழுங்கு மிக மென்மையானது. வரிசையின் நடுவில் ஒருவர் தம் காலடியில் மலரும் ஒளிப்பூவைப் பார்க்க நின்றால், பின்னால் வருபவர் விலக, அவரைத் தவிர்க்க எதிரில் வருபவர் விலக, சிறிது நேரத்தில் பாதை முழுவதும் திக்கித் திணறும். விளையாட்டுக் காட்டும் தரையை நடைமேடையிலோ காத்திருப்புக் கூடத்திலோ வைக்கலாம். குறுகிய பாதையில் வைப்பது அறியாமை.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல வந்தது.

சென்ற ஆண்டு ஒரு பெரிய போக்குவரத்து நிலையத்தில் (அதன் பெயர் இங்கே தேவையில்லை) மெட்ரோவிலிருந்து பேருந்து முனையத்துக்குச் செல்லும் நீண்ட நிலத்தடிப் பாதையில் நானும் மனைவியும் நடந்துகொண்டிருந்தோம். அசைவுக்குப் பதில் தரும் நவீனப் பாதை என்று அறிவிப்புப் பலகையே வைத்திருந்தார்கள். நாம் நடக்க நடக்க எதிரில் விளக்குகள் எரிந்துகொண்டே வரும். கடந்து வந்த பகுதி பின்னால் இருண்டுகொண்டே போகும். அழகாகத்தான் இருந்தது. பாதையின் நடுவில் இரு தூண்களுக்கு இடையே வழி சற்றுக் குறுகும் இடத்தில் மனைவியின் கால்கள் நின்றுவிட்டன. பார்க்கின்சன் நோயை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடும். மனம் போகச் சொல்லும், கால் கேட்காது. கதவுநிலை, குறுகலான வழி, திடீரென மாறும் வெளிச்சம் ஆகியவை இந்த உறைவைத் தூண்டக்கூடியவை. அப்போது அவசரப்படுத்தக்கூடாது. நானும் அசையாமல் அருகில் நின்றேன். சிறிது நேரத்தில் விளக்குகள் அணைந்துவிட்டன.

"லைட் போயிடுச்சாங்க, இல்ல எனக்குத்தான் கண்ணை மறைக்குதா?" என்று இருட்டில் கேட்டார் மனைவி.

நான் ஒரு கையால் அவர் தோளைப் பற்றிக்கொண்டு, மறு கையைக் கூரையை நோக்கி, யாரையோ வழியனுப்புகிறவன்போல் வீசி வீசி ஆட்டினேன். விளக்கு எரிந்தது. கையை இறக்கியதும் மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை கையை உயர்த்தியபோதுதான், என் பணிக்காலத்தில் எத்தனை கூரைகளில் இதே உணரியைப் பொருத்தச் சொல்லிக் கையெழுத்திட்டிருக்கிறேன் என்ற நினைவு வந்தது.

அந்தக் கருவி வேலை செய்யும் விதத்தைச் சொன்னால் செய்தி விளங்கும். எங்கள் தொழிலில் மோஷன் சென்சார் என்று சொல்லப்படும் மலிவான உணரிகளில் பெரும்பாலானவை உடல் வெப்பத்திலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு ஆளை அறிகின்றன. வெள்ளைக் குமிழ்போன்ற அதன் பிளாஸ்டிக் மூடியில் உள்ள வரிகள் வெறும் அலங்காரமல்ல. அவை கீழேயுள்ள தரையைப் பல பட்டைகளாகப் பகுக்கும் வில்லைகள். வெப்பமான ஓர் உடல் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குச் செல்லும்போது, உள்ளேயிருக்கும் இரு உணர்பகுதிகளுக்கிடையே ஏற்படும் வேறுபாட்டைத்தான் அது அசைவு என்று கொள்கிறது. ஆள் அசையாமல் நின்றால் வேறுபாடு இல்லை. வேறுபாடு இல்லையென்றால், அந்தக் கருவியின் கணக்கில் ஆளே இல்லை. குறுக்கே நடப்பவரை நன்றாகக் காணும். நேராகத் தன்னை நோக்கி வருபவரை அவ்வளவு நன்றாகக் காணாது. சுற்றியுள்ள காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் கோடையில் அதன் பார்வை மேலும் மங்கும். இவ்வளவு குறையுள்ள ஒன்றிடம், இங்கே மனிதர் இருக்கிறாரா என்ற தீர்ப்பை ஒப்படைத்துவிட்டோம்.

கடைசி ஆள் போனபின் எவ்வளவு நேரம் விளக்கு எரிய வேண்டும் என்பதை உணரியின் முதுகில் உள்ள சின்னஞ்சிறு திருகு முடிவு செய்கிறது. மின்கட்டணம் குறைந்ததைக் காட்ட வேண்டும் என்பதற்காக, அந்தத் திருகைக் குறைந்தபட்ச அளவில் வைக்கும்படி நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். பணி முடித்துக் கட்டடத்தை ஒப்படைக்கும் நாளன்று நாங்கள் நாலைந்து பேர் சுறுசுறுப்பாக நடந்து பார்ப்போம். எல்லாம் சரியாக எரியும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவோம். அந்தப் பாதையில் யாரேனும் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று 30 ஆண்டுகளில் ஒருமுறையும் நான் நின்று பார்த்ததில்லை.

பயணி ஓயாமல் நடந்துகொண்டிருப்பவர் என்ற எண்ணம் இந்தத் துறை முழுவதிலும் ஊறிக்கிடக்கிறது. ஆள் வரும்வரை நின்றோ ஊர்ந்தோ காத்திருந்து, வந்ததும் வேகமெடுக்கும் எஸ்கலேட்டர்களை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் மிச்சமாகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பார்வையற்ற ஒருவர் எஸ்கலேட்டர் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பெரும்பாலும் அதன் ஓசையைக் கொண்டே அறிகிறார். ஓசையற்றுக் கிடக்கும் எஸ்கலேட்டர் அவருக்கு வெறும் படிக்கட்டு. காலை வைத்த பிறகு அது நகரத் தொடங்குவது அவருக்குத் தரப்படும் பதில் என்று சொல்ல முடியுமா?

தொழில்நுட்பத்தின்மீது எனக்குப் பகையில்லை. சொல்லப்போனால், என் மனைவியின் நோய்க்கே அசைவறியும் தரை ஒரு வரமாக இருக்கக்கூடும். உறைந்து நிற்கும் பார்க்கின்சன் நோயாளியின் பாதத்துக்கு முன்னால் தரையில் குறுக்கே ஒரு கோடு தெரிந்தால், அதைத் தாண்டும் எண்ணத்தில் கால் எழுந்துவிடுகிறது; மருத்துவ உலகில் நெடுங்காலமாக அறியப்பட்ட உத்தி இது. லேசர் கோடு காட்டும் ஊன்றுகோல்கள்கூட இதற்காகவே இருக்கின்றன. வீட்டுக் கூடத்தில் நானே வண்ண ஒட்டுநாடாவைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டி வைத்திருக்கிறேன். ஒளியலைகளைத் தரையில் ஓடவிடும் வசதி படைத்த ஒரு பாதை, ஒருவர் நடுவழியில் நின்றுவிட்டதை அறிந்து, அவர் முன்னால் அடிக்கு ஒன்றாக நான்கு கோடுகளை அமைதியாக வரைந்து காத்திருக்குமானால், அதற்கு வேறு எந்த அலங்காரமும் வேண்டாம் என்பேன். விளக்கை அணைத்த அதே கூரையில், அதே மின்கம்பிகளைக் கொண்டு, சற்றே மேலான உணரியை வைத்து இதைச் செய்ய முடியும். எதிரே உள்ளவரின் தொலைவை அளக்கும் உணரிகளும், மூச்சுவிடும்போது மார்பு எழுந்து தாழும் நுண்ணிய அசைவைக்கூட உணரும் ரேடார் வகை உணரிகளும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவைதாம்.

மெதுவாகச் செல்பவருக்குப் பதில் சொல்லும் ஏற்பாடுகள் உலகில் இல்லாமலில்லை. அவை ஒளிப்படங்களில் அழகாக விழாததால் ஞாயிறு இணைப்புகளில் இடம்பெறுவதில்லை, அவ்வளவுதான். சிங்கப்பூரில் 2009 முதல், முதியவர்கள் தம் சலுகைப் பயண அட்டையைச் சாலைக் கடப்பின் கம்பத்தில் வைத்தால், பச்சை விளக்கு அந்த இடத்துக்கேற்ப 3 முதல் 13 வினாடிகள்வரை கூடுதலாக எரிகிறது. பிரிட்டனில் பஃபின் என்று அழைக்கப்படும் சாலைக் கடப்புகள், நடந்துகொண்டிருப்பவர் இன்னும் அக்கரை சேரவில்லை என்பதை உணரி மூலம் அறிந்து வண்டிகளுக்கான சிவப்பு விளக்கை நீட்டிக்கின்றன. அட்டையும் தேவையில்லை, கெஞ்சவும் தேவையில்லை. நெதர்லாந்தின் ஸெர்ட்டோகன்போஸ் நிலையத்தில் 2013-இல், நடைமேடைக்கு மேலே 180 மீட்டர் நீளத்துக்கு எல்இடி பட்டையொன்றை அமைத்துப் பார்த்தார்கள். வரப்போகும் ரயிலின் எந்தப் பெட்டி எங்கே நிற்கும், எதில் இடம் இருக்கிறது என்பதை அது முன்கூட்டியே காட்டியது. பெட்டியைத் தேடி ஓட முடியாதவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை ஓடத் தெரிந்தவர்கள் அறியமாட்டார்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கிறேன். நடைமேடைகளில் நாம் காணும் மஞ்சள் நிறப் புடைப்பு ஓடுகளை ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே 1965-இல் உருவாக்கினார். 1967-இல் ஒகயாமா நகரத்தில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீண்ட கோடு என்றால் போகலாம், வட்டப் புள்ளி என்றால் நில். மின்சாரம் இல்லை, உணரி இல்லை. கால் கேட்கிறது, தரை பதில் சொல்கிறது. மின்தடையிலும் சொல்கிறது. கட்டடம் தன்னில் இருப்பவர்களோடு உரையாட வேண்டும் என்று கார்டன் பாஸ்க் என்ற ஆங்கிலேய அறிஞர் 1969-இல் வாதிட்டார். அவரும் செட்ரிக் பிரைஸ் என்ற கட்டடக் கலைஞரும் அதற்கு முன்பே பெரிய கனவுகள் கண்டார்கள். அவர்கள் திட்டமிட்ட மாபெரும் கேளிக்கைக்கூடம் கட்டப்படவேயில்லை. அவர்கள் கனவின் ஒரு சிறு துண்டு புடைப்பு ஓடாக ஏற்கெனவே காலடியில் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நடப்பவர் காலடியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தரையைப் பற்றிக் கட்டுரையாளர் வியந்திருந்தார். டோக்கியோ நிலையத்தில் 2006-இலேயே அதைச் சோதித்துப் பார்த்தார்கள். கணக்கு எளிது. 60 கிலோ எடையுள்ளவர் கால் வைக்கும்போது தரை 5 மில்லிமீட்டர் அமுங்கினால், இழப்பே இல்லையென்று கொண்டாலும், ஒரு காலடிக்குச் சுமார் 3 ஜூல் ஆற்றல் கிடைக்கும். 10 வாட் எல்இடி விளக்கை அது வினாடியின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே எரிய வைக்கும். அந்த 3 ஜூலும் வானத்திலிருந்து வருவதில்லை. நடப்பவரின் தசையிலிருந்து வருகிறது. மணலில் நடப்பது ஏன் களைப்பூட்டுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் அடியையும் எண்ணி எடுத்துவைக்கும் என் மனைவியிடம் போய் நிலையத்தின் விளக்குக்குச் சந்தா கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நிற்பவரையும் காணும் உணரி வேண்டும் என்று நான் சொல்வதை, எல்லாவற்றையும் பார்க்கும் கேமரா வேண்டும் என்று யாரும் திரித்துக்கொள்ளக் கூடாது. பிரேசிலின் சாவோ பாவ்லோ மெட்ரோவின் 4-ஆம் பாதையில் 2018-இல் நடைமேடைக் கதவுகளில் விளம்பரத் திரைகளோடு கேமராக்களையும் பொருத்தி, அங்கே நிற்பவர்களின் பாலினம், வயது, முகத்தில் தெரியும் உணர்ச்சி ஆகியவற்றைக் கணிக்கச் செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஊடாடும் கதவு'. நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் அதே ஆண்டு அதை நிறுத்தச் சொன்னது. 2021-இல் அந்தப் பாதையை இயக்கும் நிறுவனத்துக்கு அபராதமும் விதித்தது. அந்தக் கதவு பயணிக்கு என்ன பதில் சொன்னது? ஒன்றுமில்லை, அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது மட்டும்தான். இதற்கு மாறாக, லண்டன் சுரங்க ரயிலில் 2016-இன் இறுதியில் 4 வாரங்கள், 54 நிலையங்களில், பயணிகளின் கைபேசி வைஃபை இணைப்பைக் கொண்டு அவர்கள் செல்லும் வழிகளை ஆராய்ந்தபோது, அதை நிலையங்களிலேயே பலகை வைத்துச் சொன்னார்கள். விரும்பாதவர் வைஃபையை அணைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூ செல்வதற்கு மக்கள் 18 வெவ்வேறு வழிகளையாவது பயன்படுத்துகிறார்கள் என்பது அதில் தெரியவந்தது. அதிலும் எனக்கு முழு உடன்பாடில்லை. கேட்டுவிட்டுப் பார்ப்பதற்கும் பார்த்துவிட்டு மறைப்பதற்கும் உள்ள தொலைவையாவது அது காட்டுகிறது. ஒருவர் இங்கே இருக்கிறார் என்று அறிந்தால் விளக்கெரிக்கப் போதும். அவர் யார், மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்பது கூரைக்குத் தேவையில்லாதது.

பராமரிப்பு பற்றி ஒரு சொல். கெண்டால் நிலையத்தின் கருவிகள் ஆண்டுக்கணக்கில் பழுதாகிக் கிடந்து, 2010-ஐ ஒட்டி அருகிலுள்ள பல்கலைக்கழக மாணவர்கள் கைவைத்த பிறகுதான் உயிர்பெற்றன. பாரிஸில் 1987-இல் திறக்கப்பட்ட அரபு உலக நிறுவனத்தின் தெற்குச் சுவரில், வெளிச்சத்துக்கேற்பத் திறந்து மூடும் 240 உலோகச் சாளரங்களை ஜான் நூவெல் அமைத்தார். உலகமே வியந்த அவற்றில் பல காலப்போக்கில் அசைவற்றுப்போய், 2017-இல்தான் சீரமைக்கப்பட்டன. அசையும் பாகம் என்றால் தேயும் பாகம் என்பதை எந்த ஃபிட்டரும் சொல்வார். பாரிஸ் சாளரம் சிக்கிக்கொண்டால் அறையில் வெளிச்சம் கூடக்குறைய இருக்கும், அவ்வளவே. நிலத்தடிப் பாதையில் உணரி பழுதானால் இருட்டு. அதனால்தான், பழுதாகும்போது விளக்குகள் தாமாக முழு வெளிச்சத்துக்கு வந்துவிடும்படியும், கதவுகள் திறந்த நிலையில் நின்றுவிடும்படியும் இணைப்பு கொடுக்க வேண்டும் என்கிறேன். ஆள் இல்லாதபோதும் முழு இருட்டுக்குப் போகாமல் வழி தெரியும் அளவுக்கு மங்கலான வெளிச்சம் எப்போதும் இருக்க வேண்டும். இதற்கு ஆகும் கூடுதல் மின்செலவை நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒளிப்பூக்களுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட வெட்கப்படும் அளவுக்குச் சிறியது.

நாங்கள் மாட்டிக்கொண்ட அந்த நிலையத்தின் அலுவலகத்துக்கு எழுதினேன். உணரிகள் யாவும் சரியாக இயங்குவதாகச் சோதனையில் தெரியவந்துள்ளது என்று மரியாதையான பதில் வந்தது. அது பொய்யில்லை, அவை சரியாகத்தான் இயங்குகின்றன. சோதனை செய்தவர்கள் நடந்து பார்த்திருப்பார்கள், நான் அந்நாளில் செய்ததைப் போலவே.

எனவே தங்கள் நாளிதழ் வழியாக இத்தகைய இடங்களை வடிவமைப்பவர்களுக்கும் ஒப்புதல் அளிப்பவர்களுக்கும் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். ஒப்படைப்புச் சான்றிதழில் ஒரு வரியைச் சேருங்கள்: பாதையின் மிகக் குறுகிய இடத்தில் ஒருவர் 3 நிமிடங்கள் அசையாமல் நிற்க வேண்டும், அந்த 3 நிமிடமும் அவரைச் சுற்றி வெளிச்சம் இருக்க வேண்டும், அதன் பிறகே கையெழுத்து. நிற்பதற்கு ஆள் கிடைக்கவில்லையென்றால் நானும் மனைவியும் வரத் தயாராக இருக்கிறோம். அவருக்கு அதில் நல்ல பயிற்சி உண்டு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற மின்பணி மேற்பார்வையாளர்